கரைவலைக்குப் பக்கத்தில் கமராவோடு

நான் இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. ஆனால் மனம் கிடப்பது கடற்கரையில். ஏழு வருடமாக, வேலை இல்லாத நாட்களில் விடியக் காலமை 4 மணிக்கே மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய்விடுவேன். கள்ளப்பாடு, சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, சில நாள் கொக்கிளாய் வரை. மற்றப் பக்கம் என்றால் வட்டுவாகல் பாலம் தாண்டி முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை. இப்போது நிறையப் பிள்ளைகள் இந்தக் கரைக்கு வீடியோ எடுக்க வருகிறார்கள். என்ன லென்ஸ் அண்ணை, என்ன செற்றிங் என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன், ஆனால் லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முதல் கயிற்றைப் பற்றிப் பேசவேண்டும்.

நான் கமராவோடு கரைவலைக்கு, அதாவது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலைக்கு, போன முதல் நாள், வள்ளம் வலையை வளைத்துவிட்டு வந்து இரண்டாவது கயிற்றைக் கரைக்குத் தந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். நல்ல கோணம் கிடைக்கும் என்று நான் இரண்டு கயிற்றுக்கும் நடுவே ஈரமணலில் போய்க் குந்தினேன். கயிறு நேராகத்தான் வரும் என்று என் எண்ணம். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ள, கயிறு பக்கவாட்டில் சரிந்துவந்து கணுக்காலில் அடித்தது, நான் குப்புற, கமரா மணலுக்குள். என்னைத் தூக்கிவிடுவதற்காக முப்பது பேர் இழுவையை நிறுத்தினார்கள். வலை கடலில் நிற்கும்போது இழுவையை நிறுத்தினால் மீன் வெளியே போக வழி தேடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கயிற்றுத் தலைப்பில் நின்ற ஐயா ஏசவில்லை. "தம்பி, நீர் படம் எடும், வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா எங்கட வேலை என்னெண்டு முதல்ல பாரும்" என்றார்.

அடுத்த பத்து நாள் கமராவைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. போய் நின்றேன், கயிறு பிடித்தேன், கை உரிந்தது, தேத்தண்ணி குடித்தேன், பார்த்தேன். அந்தப் பத்து நாள்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

கரைவலை என்றால் என்னவென்று தெரியாமல் படம் எடுக்க வருபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரையில் ஒவ்வொரு வலைக்கும் ஒரு 'பாடு' இருக்கிறது, அந்த எல்லைக்குள்தான் அந்த வலை வளைக்கலாம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும், போகப்போகக் கயிற்றை இறக்கிக்கொண்டே போய், அரைவட்டமாக வலையை வளைத்து, மற்றக் கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரைக்கு வரும். பிறகு இரண்டு தொகுதியாக நின்று இழுப்பார்கள். கயிறு முடிந்து வலையின் சிறகுகள் வர வர இரண்டு தொகுதியும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வருவது மடி, மீன் முழுவதும் அதற்குள். எல்லாம் முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும்.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் அரை மணித்தியாலத்திலேயே பற்றரியில் பாதியை முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கயிறும் முதுகும்தான் இருக்கும், ஐந்தாறு படம் போதும். சிறகு தண்ணீருக்கு மேல் தெரிந்த பிறகுதான் எல்லாம் வேகமாக நடக்கத் தொடங்கும். பருந்துகள் மேலே வட்டமிடும். இழுப்பவர்களின் குரல் மாறும். நாலைந்து பேர் கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி, அடிக்கயிறு மணலை விட்டு எழும்பாமல் காலால் மிதித்துக்கொண்டு வருவார்கள். பெரியவர் ஒருவர் மடியின் வாயைப் பிடிக்க ஓடுவார். இந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் நீங்கள் காத்திருக்கவேண்டும், இதற்குள் பற்றரி மாற்றுவது, மெமரிக் காட் தேடுவது எல்லாம் முடிந்திருக்கவேண்டும். நிற்கவேண்டிய இடம் கயிற்றுக்கு வெளிப்பக்கம், இழுப்பவர்களுக்கு முன்னால் கடற்பக்கமாக ஒரு சாய்வில். கயிற்றைத் தாண்டவேண்டும் என்றால் சுற்றிப் போங்கள். வலை விரித்துக் கிடந்தால் செருப்போடு மிதிக்கவே கூடாது.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஒன்று. முன்பு இழுவை முழுக்க அம்பாப் பாட்டு, வலை இழுப்பவர்கள் சேர்ந்து பாடுகிற பாட்டு, இருக்கும். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் கட்டி இழுக்கிறார்கள், அங்கே எஞ்சின் சத்தம்தான். கையால் இழுக்கிற இடங்களில் மடி பாரமாக வரும்போது வயதானவர் ஒருவர் தன்னை அறியாமல் அம்பாவைத் தொடங்குவார், மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அப்போது கமராவை அங்கே இங்கே ஆட்டாமல் ஓரிடத்தில் வைத்து, பாட்டு முடியும் வரை வெட்டாமல் பதியுங்கள். காற்று ஒலிவாங்கியில் அடித்தால் எல்லாம் பாழ். பஞ்சுறை ஒன்று மாட்டுங்கள், இல்லாவிட்டால் கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் மறைவில் போனை வைத்துத் தனியாகச் சத்தத்தை மட்டும் பதியுங்கள். படம் பிசகினால் நாளைக்கு இன்னொரு விடியல் வரும். அந்த ஐயாவின் குரல் நாளைக்கும் இருக்குமென்று என்னால் சொல்ல முடியாது.

காலம் முக்கியம். எங்கள் கரையில் கரைவலை பங்குனி சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி ஐப்பசி வரை. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரை அமைதியாக இருக்கும். வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் கடல் எழும்பும், வள்ளங்கள் பல நாள் கரையில்தான். அந்த மாதங்களில் கடலை விட்டுவிட்டு நந்திக்கடல், நாயாற்றுக் களப்புகளுக்குப் போகிறேன். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு தொழிலுக்குப் போகமாட்டார்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள் அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நான் பிழைவிட்டுப் படித்தது இது. எங்களுக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. அதனால் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாரும் நிழலுருவம்தான், பின்னால் சிவந்த வானம். எல்லாரும் அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள், நானும் இரண்டு வருடம் அதைத்தான் எடுத்தேன். தண்ணீருக்குள் முழங்காலளவு இறங்கிக் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று பாருங்கள். அதே வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் நேராக விழும், கயிற்றில் சொட்டுகிற தண்ணீர் வரை தெரியும். பின்னேரம் சூரியன் பனைகளுக்குப் பின்னால் போய்விடும், அப்போதுதான் கடல் நீலமாக வரும். மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவு, நாச்சிக்குடா என்று போனால் எல்லாம் தலைகீழ், அங்கே சூரியன் கடலில் விழுகிறது.

இன்னொன்று, கமரா தானாக அளக்கிற வெளிச்சத்தை நம்பவேண்டாம். நுரையும் மணலும் வெள்ளை வெளேரென்று இருப்பதால் அது படத்தை இருட்டாக்கிவிடும், வெயிலில் கறுத்த எங்கள் ஆட்களின் முகம் கரியாகப் போய்விடும். நான் முக்கால் அல்லது ஒரு படி கூட்டித்தான் எடுக்கிறேன். நுரை வெளுத்தால் வெளுக்கட்டும்.

அலையை எடுக்கப் படித்தது கிழக்கே பொத்துவில் பக்கத்து அறுகம்குடாவில். ஒரு வருடம் வைகாசி தொடக்கம் ஆடி வரை அங்கே அலைச்சறுக்கு எடுக்கிற ஒருவருக்கு உதவியாளாக நின்றேன். பொத்துவிலில் அந்த மாதங்களில் தெற்கிலிருந்து வருகிற நீண்ட அலை முனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும், அதன் மேல்தான் சறுக்குவார்கள். அங்கே முதலில் கவனித்தது அவர்களுடைய பொறுமையை. பலகையில் இருந்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலை ஒவ்வொன்றாக வருவதில்லை, நாலைந்து பெரிய அலை கூட்டமாக வரும், பிறகு ஒரு ஓய்வு, திரும்ப ஒரு கூட்டம். எத்தனை அலைக்குப் பிறகு ஓய்வு வருகிறது என்று எண்ணி வைத்திருப்பார்கள். முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து பார்த்தால், வள்ளத்தை இறக்க நிற்கிற எங்கள் ஆட்களும் அதையேதான் செய்கிறார்கள். நாலு பேர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள், பின்னால் நிற்பவர் ஒரு வார்த்தை பேசாமல் கடலைப் பார்ப்பார், ஓய்வு வந்ததும் ஒரு சத்தம், எல்லாரும் ஒன்றாகத் தள்ளுவார்கள், எஞ்சின் பிடிக்கும், வள்ளத்தின் அணியம் அடுத்த அலையில் ஏறி வானத்தைப் பார்க்கும். சறுக்குபவர் விளையாட்டுக்காகப் படித்த அதே பாடத்தை இவர்கள் சாப்பாட்டுக்காகப் படித்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரிலும் மரியாதை உண்டு.

இதை எடுக்க ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையவேண்டாம், தெறிக்கிற தண்ணீர் துளித்துளியாக நிற்கவேண்டுமானால் 1/2000. தொடர்ச்சியாக எடுக்கிற முறையில் வையுங்கள், ஆனால் அமத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டாம். நீங்களும் அலையை எண்ணுங்கள். பின்னால் நிற்பவர் தலையை நிமிர்த்துகிற நேரம்தான் தொடங்கவேண்டிய நேரம். எங்கள் கரை சரிவு கூடியது, அலை கரையிலேயே மடிந்து விழும், முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்பது ஆபத்து. கரையைப் பார்த்து எடுக்க இறங்கும்போது ஒருவரையாவது பின்னால் பார்க்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

சரி, இனி எனக்குப் பெரிய பாடமாக அமைந்த விசயம்.

கருவாடு போடுகிற ஒரு வாடியில், கரையோரக் கொட்டிலில், நடந்தது. நாலைந்து பெண்கள் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும், கட்டாப்பாரையை முதுகால் பிளந்து குடல் எடுத்து உப்பு அடைகிற வேகத்தைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. கை முழுக்க வெட்டுக்காயத் தழும்பு, நகத்துக்குள் உப்பு, ஒரு விரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. கேட்டுத்தான் எடுத்தேன், எடுக்கலாம் என்றுதான் சொன்னார். நான் கைகளை மட்டும் நெருக்கமாக எடுத்தேன். அந்தப் படத்தை இணையத்தில் போட்டபோது எல்லாரும் பாராட்டினார்கள், உழைப்பின் அடையாளம் என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கனநேரம் பார்த்தார். "இது என்ர கை" என்றார். பிறகு, "கையை மட்டும் எடுத்திருக்கிறாய். எனக்கு முகம் இல்லையோ தம்பி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபமாகவும் கேட்கவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவி, தலையை இழுத்துக் கட்டி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து, வாடி வாசலில் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றார். சிரிக்கவில்லை. முழு உருவமும் விழும்படி எடுக்கச் சொன்னார். மகள் வெளிநாட்டில், அவளுக்கு அனுப்பவேண்டும், தன்னுடைய படம் என்று ஒன்றும் கையில் இல்லை, இருந்த எல்லாம் 2009இல் மாத்தளனில் விட்டுவந்த பையோடு போய்விட்டது என்றார்.

வன்னியில் இதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். கலியாணப் படம் இல்லை, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் இல்லை, தகப்பனின் முகம் ஒரு அடையாள அட்டையில் மட்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்கு முன்னம் 2004 மார்கழி 26இல் கடல் வந்து கரையோர வீடுகளோடு ஒருமுறை எல்லாவற்றையும் கொண்டுபோனது. இப்படிப்பட்ட கரையில் முதுகையும் கையையும் நிழலுருவத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசுக்கு அனுப்புகிறோம் என்றால், அவர்களிடமிருந்து எடுத்ததில் எதை அவர்களுக்குக் கொடுத்தோம் என்று நான் என்னைக் கேட்கவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து என் முறை இது. யாரை எடுத்தாலும், எனக்குப் பிடித்த படத்தோடு அவருக்குப் பிடித்த மாதிரி ஒன்று. நேராக நின்று, முழு உருவமாக, அவர் விரும்பினால் மனைவி பிள்ளையோடு, வள்ளத்துக்குப் பக்கத்தில், சட்டை மாற்றவேண்டும் என்றால் மாற்றும் வரை நின்று. அதைப் போனில் அனுப்பிவிட்டு விடுவதில்லை. போன் உடையும், தொலையும். 5க்கு 7 அளவில் பிரிண்ட் போட்டு லமினேற் பண்ணிக் கொடுக்கிறேன், உப்புக்காற்றுக்கு வெறும் பிரிண்ட் நிற்காது. மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து படம், கலியாணவீட்டு அல்பத்தோடு சேர்த்துப் பிரிண்டுக்கு அனுப்பினால் செலவு அவ்வளவு தெரிவதில்லை. பையில் பெயர் எழுதிய காகிதத்தோடு எப்போதும் நாலைந்து படம் கிடக்கும். கரையில் கண்டதும் கொடுப்பேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், படம் நன்றாக வரத்தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். நேராக நின்று ஒரு படம் எடுத்துக்கொடுத்த ஆளை, பிறகு வேலை செய்யும்போது எடுத்தால் அவர் கமராவைப் பார்ப்பதேயில்லை.

படத்தை இணையத்தில் போடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும், அதிலும் நான் பிழை விட்டேன். ஒரு நாள் சூடை மீன் நிறையப் பட்டது. மடி பிரிந்துவிடும் போல வந்தது, மணலில் வெள்ளிக் குவியலாக இருந்தது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பக்கத்தில் நின்று சிரிக்கிற படத்தை அன்றைக்கே போட்டுவிட்டேன், ஊர்ப் பெயரோடு. இரண்டு நாள் கழித்துப் போனபோது அவர் முகம் சரியில்லை. கடன் கொடுத்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே வாசலில் வந்து நின்றாராம். குவியலைப் பார்த்தவருக்கு அது முப்பது பேரின் பங்கு, எண்ணெய்க் காசு, வலை திருத்திய காசு எல்லாம் கழிந்து என்ன மிஞ்சியது என்று தெரியாது. அதற்கு முந்திய பதினொரு நாள் வெறும் வலை வந்ததும் தெரியாது. அன்றிலிருந்து நிறைய மீன் பட்ட படங்களைச் சில வாரம் கழித்துத்தான் போடுகிறேன், சம்மாட்டியிடம் கேட்டுவிட்டு, இடத்தின் பெயர் இல்லாமல். பயன்படுத்தக் கூடாத வலையோ வெளிச்சமோ சட்டகத்துக்குள் தெரிந்தால் அதில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பொலிஸ் வேலை பார்க்க அங்கே போகவில்லை.

சட்டகத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். எங்கள் கரையில் முகாம்கள் உண்டு. ஒருமுறை வள்ளத்துக்குப் பின்னால் ஒரு காவற்கோபுரம் விழுந்ததைக் கவனிக்காமல் எடுத்துவிட்டேன், கூப்பிட்டு அன்றைய படம் முழுவதையும் அழிக்கச் சொன்னார்கள், விடிய எடுத்ததெல்லாம் போனது. ட்ரோன் என்றால் சிவில் விமானசேவைகள் அதிகாரசபையில் பதிவு வேண்டும், பறக்கவிட அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் கரையில் நிற்கும் சனத்திடம் சொல்லாமல் மேலே விடாதீர்கள். தலைக்கு மேல் கேட்கிற அந்த இரைச்சல் இங்கே பலருக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தும். ஒரு அம்மா பேரனை இழுத்துக்கொண்டு வாடிக்குள் ஓடியதைப் பார்த்தபிறகு என் நண்பனின் ட்ரோனை அந்தக் கரையில் நாங்கள் திரும்ப எடுக்கவில்லை.

படம் உதவியாகவும் இருக்கும். வலை அறுந்து வந்த ஒரு விடியலில் எனக்குப் போன் வந்தது, "தம்பி கமராவோட ஒருக்கா வாரும்." இரவு விரித்த வலைக்கு மேலால் இழுவைப்படகு போயிருக்கிறது. இழுவைமடித் தொழில் 2017இலேயே இலங்கைச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது, ஆனாலும் வலை அறுவது நிற்கவில்லை. முறைப்பாட்டுக்குப் படம் வேண்டும். அழகு அங்கே தேவையில்லை. வலை முழுவதையும் மணலில் விரித்து ஒரு படம், அறுந்த ஒவ்வொரு இடமும் பக்கத்தில் ஒரு அளவுநாடாவோடு, மிதப்புகளில் எழுதியிருக்கிற அடையாளம், வலை விரித்த இடத்தைக் காட்டுகிற ஜிபிஎஸ் திரை, சொந்தக்காரர் தன் பெயரும் நேரமும் சொல்லுகிற ஒரு சின்ன வீடியோ. கமராவில் திகதி நேரம் சரியா என்று முதலே பாருங்கள். மூலப் படத்தை அப்படியே மெமரிக் காட்டில் போட்டுக் கொடுங்கள், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். என் வாழ்நாளில் எடுத்த படங்களில் மிகவும் பயன்பட்டவை அந்த வடிவில்லாத படங்கள்தான்.

உயிரினங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலாமை ஐந்து வகை இலங்கைக் கரைகளில் ஏறி முட்டையிடுகிறது, ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இரவில் ஒன்று கரையேறுவதைக் கண்டால் அப்படியே இருந்துவிடுங்கள், வெளிச்சம் அடித்தால் திரும்பிக் கடலுக்குப் போய்விடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து ஊரும், உங்கள் போன் வெளிச்சத்தைப் பார்த்துத் தரைப்பக்கம் திரும்பினால் விடிவதற்குள் காகத்துக்கும் நாய்க்கும் இரை. கரைவலையில் ஆமை அகப்பட்ட ஒரு காலை, ஒருவர் வலையைத் தளர்த்த இன்னொருவர் ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அலைக்குள் ஓடினார். முழுவதும் பத்து விநாடி. அவர்களை நிறுத்தி, திரும்பப் பிடியுங்கள் என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆமை ஏற்கெனவே களைத்துப்போய் இருக்கிறது, விடுங்கள்.

நந்திக்கடலுக்கும் சுண்டிக்குளத்துக்கும் வாடைக் காலத்தில் பறவை வரும். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்காவானது. மன்னார் வீதியில் வங்காலைச் சரணாலயமும் உண்டு, பூநாரைகளை அங்கேதான் நான் கிட்டவாகப் பார்த்தேன். பூநாரை தலையைத் தண்ணீருக்குள் வைத்து மேய்ந்துகொண்டிருந்தால் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம். ஒன்று கழுத்தை நிமிர்த்தினால் நில்லுங்கள். நாலைந்து நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள், மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். கூட்டமாகப் பறக்கிற படத்துக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களோடு நான் போவதில்லை. ஓங்கில்கள் (டொல்பின்கள்) வள்ளத்தோடு சேர்ந்து வரும்போது எஞ்சினைக் கூட்டிக் குறைத்துத் துரத்தாமல் ஒரே வேகத்தில் போகச் சொல்லுங்கள், விருப்பமென்றால் அவையே கிட்ட வரும். அடுத்து எங்கே தலை எழும்பும் என்று தெரியாது, அதனால் தூர லென்ஸை வைத்துவிட்டு அகலமானதை மாட்டுவது நல்லது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் கமராவைக் காய்ந்த துணியால் துடைக்கவேண்டாம், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி. மணலை ஊதித் தள்ளிவிட்டுத்தான் லென்ஸைத் தொடவேண்டும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், நான் ஒன்றை மாட்டிக்கொண்டு போவேன், அதோடு நாள் முழுக்க இருப்பேன். முக்காலியின் கால்களைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி விரித்துக் காயவிடுங்கள். மழை மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். இரண்டு லென்ஸ் எனக்கு அப்படித்தான் போனது. வள்ளத்தில் போவதென்றால் மிதப்பு அங்கி கட்டாயம். கமராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்காகத் தோளில் போடுங்கள், வள்ளம் அலையில் விழும்போது அது எழும்பிப் பல்லில் அடிக்கும்.

இனி எனக்கு இருக்கிற ஆசை ஒன்று. மடி கரையைத் தொடுகிற நேரம் தண்ணீருக்கடியிலிருந்து, மீன் கூட்டத்தின் பின்னால் கழுத்தளவில் நிற்பவர்களின் கால்களும், மேலே அவர்கள் குனிந்து பார்க்கிற முகங்களும் ஒரே படத்தில். தண்ணீர் தெளிந்த நாள் வேண்டும், சோளகம் ஓய்ந்த காலை வேண்டும். மூன்று வருடமாக முயற்சிக்கிறேன், தண்ணீர் கலங்கல்தான். அன்றைக்கு என்னை விழுத்திய கயிற்றின் தலைப்பில் நின்ற ஐயாவுக்கு இந்த ஆசை தெரியும். தண்ணீர் தெளிவாக இருக்கிற நாட்களில் வள்ளம் இறக்க முதலே போன் அடிக்கிறார். நேற்றும் அடித்தார், கலியாணவீடு ஒன்று இருந்ததால் போக முடியவில்லை. "பரவாயில்லை, நாளைக்கும் இப்பிடித்தான் இருக்கும், நாலரைக்கு வாரும்" என்றார். இரண்டு பற்றரியும் இப்போது சார்ஜில் கிடக்கின்றன. பையில் அவருடைய பேத்தியின் படம் ஒன்றும் இருக்கிறது, கொடுக்கவேண்டும்.